டீச்சர் காரில் இல்லாத சத்தம்

ஜூன் 28, வெள்ளி

ரபீக் இன்று மதியம் ஊருக்குக் கிளம்பினான். மனைவிக்குத் தலைப்பிரசவம். தாராபுரத்தில் மாமியார் வீடு. ஆடிப் பதினெட்டுக்குள் வந்துவிடுகிறேன் என்றான். போகும்போது பட்டறை வாசலில் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தான். குழந்தை பிறக்கப்போவது உன் வீட்டிலா, என் பட்டறையிலா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே பஸ் ஏறினான்.

டைரி எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. சிமென்ட் கடைக்காரர் வருஷா வருஷம் கொடுக்கும் டைரிகள் ஸ்பேனர் பெட்டிக்கு அடியில் வெள்ளையாகவே மக்கிப்போகும். இந்த முறை ரபீக்தான் எழுதச் சொன்னான். வருகிற வண்டி, சொன்ன குறை, நான் பார்த்த வேலை எல்லாவற்றையும் குறித்து வைக்க வேண்டுமாம். திரும்பி வந்ததும் அவன் ஒரு தடவை பார்த்துக்கொள்வானாம். என்னிடம் வேலை பழகியவன் என் வேலையைச் சரிபார்க்கிறான். காலம் அப்படி.

பொள்ளாச்சியில் பழைய கார் வாங்குகிறவர்கள் என் பட்டறைக்கு ஒருமுறை ஓட்டிக்கொண்டு வராமல் கை நீட்டிப் பேச்சை முடிக்க மாட்டார்கள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன் என்றால், உள்ளே எந்த பேரிங் அழுகிறது, எந்த வால்வு முனகுகிறது என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் காது சென்னியப்பன் என்று பெயர். சொந்தப் பெயரை விட அதுதான் ஊருக்குத் தெரியும். கார் வியாபாரி குப்புராஜ் 'சென்னியண்ணன் கேட்டாச்சு' என்ற ஒரு வார்த்தையை வைத்தே பாதி வண்டிகளைத் தள்ளிவிடுகிறான்.

ரபீக்கிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம். நான் எஞ்சினுக்குக் காது கொடுக்கும்போது அவனும் பக்கத்தில் குனிந்து, ஏதாவது ஒரு பாகத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நிற்பான். கையை எடுடா, இது என்ன டீக்கடை பெஞ்சா என்று எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். எடுக்க மாட்டான். ஒரு மாதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஜூலை 1, திங்கள்

சனிக்கிழமை நான் தனியாகப் பார்த்து அனுப்பிய வேன் திரும்பி வந்துவிட்டது. பின்சக்கரத்தில் அதே சத்தம் என்றார் தேங்காய் மண்டிக்காரர். ஓட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அவர் நம்பாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். இப்போது வருகிற உதிரி பாகங்கள் எல்லாம் குப்பை, நாலு நாள் தாங்குவதில்லை. ஆட்களும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கிறது.

என் மனைவி துளசிமணி மதியம் சாப்பாட்டோடு பட்டறைக்கே வந்துவிட்டாள். எத்தனை முறை போன் அடிப்பது என்று கோபம். போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது, அடிக்கவே இல்லை. மழையில் நனைந்ததிலிருந்து அந்தப் போன் சரியில்லை.

ஜூலை 3, புதன்

காலையில் சாம்பல் நிறக் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு ஒரு அம்மா வந்தார். சத்தியபாமா, அரசுப் பள்ளியில் தமிழ் டீச்சர். ஆழியாறு தாண்டி மலையடிவாரத்துப் பள்ளிக்கு மாற்றல் ஆகியிருக்கிறது. அங்கே காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ், அதுவும் கண்டக்டர் மனசு வைத்தால். அதனால் குப்புராஜிடம் இந்தக் காரை வாங்கியிருக்கிறார். வாங்கும்போது கேட்டுச் சொன்னவன் நான்தான். வைகாசியில் வந்த வண்டி, நினைவிருக்கிறது. அன்று ரபீக் வங்கிக்குப் போயிருந்தான்.

குறை இரண்டு. ஒன்று, சில நாள் காலையில் பேட்டரி சுத்தமாக இறங்கிக் கிடக்கிறது. இரண்டு, ஓட்டும்போது மெல்லிசாக ஒரு சத்தம். கொசு காதுக்குள் வந்து பாடுகிற மாதிரி என்றார். வேகம் கூட்டினால் அதுவும் மேலே ஏறுகிறதாம்.

எஞ்சினை ஓட விட்டு, ஸ்க்ரூடிரைவர் வைத்து, சுற்றிச் சுற்றிக் கேட்டேன். பழத்தில் ஊசி இறங்குகிற மாதிரி சுத்தமாக ஓடுகிறது. சத்தமே இல்லை என்றேன். டீச்சர் என்னையும் எஞ்சினையும் மாறி மாறிப் பார்த்தார். இப்பவும் கேக்குதுங்களே என்றார் தயங்கித் தயங்கி. புது வண்டிக்குப் பழகும்வரை அப்படித்தான் தோன்றும் என்று தேற்றினேன்.

பேட்டரிக் குறைக்குக் காரணம் கிடைத்துவிட்டது. டேஷ்போர்டில் ஒரு சின்ன முருகன், அவர் காலடியில் கடுகளவு சிவப்பு விளக்கு. சாவியை உருவிய பிறகும் எரிந்துகொண்டிருந்தது. சாமி விளக்கு அணையக் கூடாது என்று பழைய முதலாளி பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்திருக்கிறார். நம் பக்கத்தில் இந்தக் கூத்து நிறைய உண்டு. பக்தியும் போக வேண்டாம், பேட்டரியும் போக வேண்டாம் என்று அந்த ஒயரை வெட்டி, சாவி போட்டால் மட்டும் எரிகிற மாதிரி மாற்றிக் கொடுத்தேன். ராத்திரியில சாமி இருட்டுல இருப்பாரே என்று டீச்சர் வருத்தப்பட்டார். அவருக்கும் தூக்கம் வேண்டாமா என்றேன்.

அவ்வளவு சின்ன விளக்கு ஒரு பேட்டரியைக் குடித்துவிடுமா என்று மனசின் ஒரு மூலையில் கேள்வி வந்தது. மீட்டர் வைத்துப் பார்த்திருக்கலாம். மீட்டர் எல்லாம் ரபீக்கின் சமாச்சாரம். எனக்குக் காது போதும்.

ஜூலை 4, வியாழன்

டீச்சர் வண்டி காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகிவிட்டதாம். விளக்குதான்.

ஜூலை 6, சனி

காரணம் விளக்கு இல்லை போலிருக்கிறது. இன்று மறுபடியும் பேட்டரி இறங்கி, டீச்சர் வீட்டிலிருந்து போன். துளசிமணிதான் எடுத்துப் பேசினாள். பேட்டரியே பழசு, மாற்றச் சொல் என்றேன். மாற்றிவிட்டார்கள்.

சாயங்காலம் குப்புராஜ் வந்து உட்கார்ந்தான். டீச்சர் அவனிடம் போய்ச் சத்தத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். சென்னியண்ணன் குறை இருக்கிறது என்று சொன்னால் என் செலவில் பார்த்துத் தருகிறேன், இல்லை என்றால் இல்லைதான் என்று அவன் கறாராகச் சொல்லிவிட்டானாம். டீச்சர் வீட்டுக்காரரும் அவன் கட்சி. சத்தம் காரில் இல்லை, உன் காதில்தான் என்கிறாராம். குப்புராஜ் இதைச் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

குடிதண்ணீர் வந்தது. மோட்டாரை நிறுத்த மறந்து தெருவெல்லாம் வெள்ளம். மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கவில்லையா என்று துளசிமணி கேட்டாள். டி.வி. ஓடிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை என்றேன். அதான் நம்ம டி.வி. மூணு வீட்டுக்கு ஓடுதே என்றாள்.

ஜூலை 10, புதன்

தோட்டத்து ஜீப் ஒன்று வந்தது. வீட்டு வாசலில்தான் நிறுத்திப் பார்த்தேன். பெல்ட் கத்துகிறது என்றார் தோட்டக்காரர். கத்தவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சமையல்கட்டிலிருந்து துளசிமணி வெளியே வந்து, இதென்ன வண்டி பன்னிக்குட்டி மாதிரி இப்படிக் கத்துது என்று காதைப் பொத்திக்கொண்டாள்.

பெல்ட்டை மாற்றி அனுப்பினேன். வேறு எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 12, வெள்ளி

டீச்சர் விடவில்லை. பள்ளி விட்டதும் நேராக வந்து, ஒரு தடவை என்கூட உட்கார்ந்து வாங்க, ஓடும்போது கேளுங்க என்றார். சரி, இந்தச் சந்தேகத்தை இன்றோடு தீர்த்துவிடுவோம் என்று ஏறிக்கொண்டேன். ஆழியாறு ரோட்டில் போனோம். சாரல் அப்போதுதான் நின்றிருந்தது. புளிய மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன.

அணைக்குக் கொஞ்சம் முன்னால் டீச்சர் கண்ணாடிகளை ஏற்றினார். இந்தச் சில்வண்டு போடுற சத்தத்துல ஒண்ணுமே கேக்காதுங்க என்றார். நான் வெளியே பார்த்தேன். மரங்கள் அமைதியாக நின்றன. சின்ன வயசில் இதே ரோட்டில் சில்வண்டு காதைக் கிழிக்கும். இப்போது எங்கே இருக்கிறது? வீட்டு வேப்ப மரத்தில் குருவி கூட இல்லாமல் போய்விட்டது. செல்போன் கோபுரம் வந்தால் எது மிஞ்சும்.

"இப்பக் கேளுங்கண்ணா. கால அழுத்தறேன், ஏறும். எடுக்கறேன், எறங்கும்."

காலை அழுத்தினார், எடுத்தார். எஞ்சினின் உறுமல் ஏறியது, இறங்கியது. டயர் சத்தம் இருந்தது. ஈரத்தில் தண்ணீர் தெறிக்கிற சத்தம் இருந்தது. வேறு எதுவும் இல்லை. ரேடியோவைப் போட்டார். பாட்டுக்குப் பின்னாலும் அதே கீச்சுச் சத்தம் வருகிறது பாருங்கள் என்றார். பாட்டு மட்டும்தான் கேட்டது.

ஒன்றும் இல்லை என்றேன். அவர் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார்.

"வகுப்புல நான் போர்டுல எழுதிட்டு இருக்கும்போதே, கடைசி பெஞ்சுல எவன் பேசறான்னு திரும்பாம பேரச் சொல்லுவேனுங்க. எங் காது பொய் சொல்லாது. வீட்ல நம்பல, கடையில நம்பல. நீங்களாச்சும் நெசத்தச் சொல்லுவீங்கன்னுதான் திரும்பத் திரும்ப வரேன்."

இல்லாத சத்தத்துக்கு நான் என்னங்க டீச்சர் பண்ணுவேன் என்று கேட்டுவிட்டேன். கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. அவர் வண்டியைத் திருப்பினார். பட்டறையில் இறக்கிவிட்டு, தேங்க்ஸுங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த அம்மா பொய் சொல்கிற ஆள் இல்லை. நானும் பொய் சொல்லவில்லை. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று தெரியவில்லை.

ஜூலை 13, சனி

பேத்தி ஈரோட்டிலிருந்து வீடியோவில் பேசினாள். வாய் அசைந்தது. அழகாகச் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். தாத்தா பதிலே சொல்ல மாட்டேங்கறாரு என்று அழுதாளாம். துளசிமணி சொன்னாள்.

ஜூலை 15, திங்கள்

இன்று நடந்ததை எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

டீச்சர் காலையில் இரண்டு மாணவிகளைப் பேச்சுப் போட்டிக்காகக் காரில் அழைத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். நல்ல மழை. விளக்கும் வைப்பரும் போட்டு ஓட்டியிருக்கிறார். போகப் போக விளக்கு மங்கியது, வைப்பர் ஊர்ந்தது, வளைவில் வண்டி அப்படியே நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக் அடித்து, பக்கத்துச் சேற்றில் வண்டியை இறக்கி நிறுத்தியிருக்கிறார். காரின் பின்கண்ணாடிக்கும் லாரிக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற இடம்தான் இருந்ததாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பிள்ளைகள் இரண்டும் அழுதுகொண்டே லாரிக்காரரின் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றனவாம்.

குப்புராஜின் ஆட்கள் கயிறு கட்டி இழுத்து வந்து என் பட்டறையில் விட்டார்கள். டீச்சர் கூடவே வந்தார், புடவையெல்லாம் சேறு. என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. இந்த வண்டி இனி வேண்டாம் என்று குப்புராஜிடம் சொல்லிவிட்டு, பிள்ளைகளை அவரவர் வீட்டில் விட ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

குப்புராஜுக்குக் கவலையே இல்லை. கிணத்துக்கடவுக்காரர் ஒருவர் தயாராக இருக்கிறாராம். அவர் வீட்டில் கைக்குழந்தை, அடிக்கடி கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வர வண்டி வேண்டுமாம். புதன்கிழமை ஆடி பிறக்கிறது, பிறந்துவிட்டால் ஒருத்தனும் வண்டி வாங்க மாட்டான், அதனால் நாளைக்கே முடிக்க வேண்டும் என்றான்.

"நீங்க ஓகே சொன்ன வண்டிதானுங்ணா. அவரு போன் பண்ணுவாரு. பேட்டரி கோளாறு, மாத்தியாச்சு, சத்தம் கித்தம் ஒண்ணும் இல்லன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க."

என் வார்த்தைக்கு இருக்கிற மரியாதை இன்றுதான் எனக்குப் பயமாக இருந்தது. என்ன குறை என்று தெரியாமல் இந்த வண்டி என் பட்டறையை விட்டு நகராது என்று சொல்லிவிட்டேன். நீங்கதானே இல்லன்னீங்க என்று அவன் வாயைப் பிளந்தான். ஆமாம், நான்தான் சொன்னேன், நானே கண்டுபிடிக்கிறேன் என்றேன்.

பேட்டரியைச் சாயங்காலம் வரை சார்ஜ் போட்டு, நிறைந்ததும் மாட்டி வைத்துவிட்டு, வண்டிச் சாவியைக் குப்புராஜ் ஆட்களிடம் கொடுக்காமல் கையோடு வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

ஜூலை 16, செவ்வாய்

டீக்கடை திறப்பதற்கு முன்பே பட்டறைக்குப் போய்விட்டேன்.

சாவி போட்டேன். செல்ஃப் பாதி சுற்றி முனகிவிட்டு நின்றது. நேற்று நிறைத்து மாட்டிய பேட்டரி. நின்ற இடத்திலேயே யாரோ அதைக் குடித்திருக்கிறார்கள். முருகன் விளக்கு இல்லை, அது சாவியோடு அணைந்துவிடுகிறது. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். பழக்க தோஷத்தில் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். ஓடாத எஞ்சினில் எதைக் கேட்பது? கீழே வைத்துவிட்டேன்.

களைப்பில் குனிந்து ஒரு கையை எஞ்சின் மேல் ஊன்றினேன். ராத்திரி முழுக்க மழைக் காற்றில் கிடந்த இரும்பு, சில்லென்று இருந்தது. ரபீக் இப்படித்தான் நிற்பான் என்று நினைத்துக்கொண்டே கையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். ரேடியேட்டர் சில்லென்று இருந்தது. பேட்டரிப் பெட்டியும் சில்லென்று இருந்தது. ஆல்டர்னேட்டர் மேல் கை போனதும் நின்றுவிட்டது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுக்க வேண்டிய அது மட்டும் இளஞ்சூடாக இருந்தது, இப்போதுதான் கழற்றி வைத்த சட்டை மாதிரி.

ஓடாத வண்டியில் அது ஏன் சூடாக இருக்க வேண்டும்? உள்ளே கரண்ட்டை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற டயோடு போயிருக்கிறது. பகலில் ஏற்ற வேண்டிய கரண்ட்டை ஏற்றாமல், ராத்திரியில் பேட்டரியிலிருந்து திருடித் தின்றுகொண்டிருக்கிறது. டயோடு போன ஆல்டர்னேட்டர் ஓடும்போது என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். கீச்சென்று பாடும். வேகம் ஏறினால் சத்தமும் ஏறும். ரேடியோவுக்குள்ளும் போய்ப் பாடும். டீச்சர் முதல் நாளே எனக்கு அப்படியே, ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லியிருக்கிறார்.

ரபீக்கின் பெட்டியிலிருந்து மீட்டரை எடுத்து வைத்தேன். வேறு பேட்டரி போட்டு வண்டியை ஓட விட்டும் பார்த்தேன். மீட்டரும் அதையே சொன்னது. ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஆல்டர்னேட்டர் மேல் ஊன்றிக் காதில் வைத்தேன். முகத்தெலும்பில் குறுகுறுவென்று நடுக்கம் ஏறியது. காதில் ஒன்றும் விழவில்லை. பிடியை எவ்வளவு அழுத்தியும் விழவில்லை.

கையை எடுக்காமல் அப்படியே நின்றேன். அப்போதுதான் ரபீக்கின் கை ஞாபகத்துக்கு வந்தது. போன தையில் வந்த கல்யாண மண்டப வேன், அவன் கை வாட்டர் பம்ப் மேல் இருந்தது. குறை வாட்டர் பம்ப்பில். மாசியில் வந்த டாக்டர் வண்டி, கை கியர்பாக்ஸ் பக்கம். குறை கியர்பாக்ஸில். அவன் கை இருந்த இடத்துக்குத்தான் என் ஸ்க்ரூடிரைவர் போயிருக்கிறது. நான் சொல்வேன், அவன் ஆமாங்ணா என்பான். அவன் ஊருக்குப் போனதிலிருந்து வண்டிகள் திரும்பி வருகின்றன. டீச்சர் வண்டியை நான் முதலில் கேட்ட அன்றும் அவன் பக்கத்தில் இல்லை.

பட்டறைப் படியில் உட்கார்ந்து அழுதேன். யாரும் பார்க்கவில்லை. பிறகு முகம் கழுவிக்கொண்டு டீச்சருக்குப் போன் போட்டேன். பள்ளிக்கு விடுப்பு எடுத்திருந்தார். வருகிறாரா மாட்டாரா என்று குரலில் தெரியவில்லை. வந்துவிட்டார்.

டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னேன். எஞ்சினை ஓட விட்டேன்.

"சத்தம் இருக்குதுங்களா டீச்சர்?"

"நீங்களே கேளுங்க" என்றார். கோபம் இன்னும் போகவில்லை.

"எனக்குக் கேக்கலீங்க. வண்டியில சத்தம் இல்லாம இல்ல. எங் காதுலதான் விழுகல. உங்க காத நம்பித்தான் கூப்பிட்டிருக்கறேன்."

அவர் என்னையே பார்த்தார். நான் எஞ்சினை நிறுத்தி, ஆல்டர்னேட்டரின் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, மறுபடி ஓட விட்டேன். இப்போது இல்லை என்று தலையாட்டினார். பெல்ட்டை மாட்டி ஓட விட்டேன். இருக்கிறது என்றார். இன்னொரு முறை செய்யச் சொன்னார். செய்தேன். இல்லை. இருக்கிறது. எஞ்சினை நிறுத்தியதும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப எனக்குக் கேட்டது நெசந்தானுங்களா? எங்க வீட்டுக்காரரு எங் காதுலதான் கோளாறுன்னு காது டாக்டர்கிட்ட டோக்கனே போட்டுட்டாருங்க, வெள்ளிக்கிழமைக்கு."

மன்னிச்சுக்கங்க என்றேன். அந்தப் பிள்ளைகளிடமும் சொல்லச் சொன்னேன். டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து என் கையில் வைத்தார். டோக்கன் வீணாகப் போக வேண்டாம் என்றார்.

குப்புராஜுக்கும் நானே போன் செய்தேன். கிணத்துக்கடவுக்காரருக்கு இந்த வண்டி கிடையாது, குறை இருக்கிறது, ஆல்டர்னேட்டர் மாற்ற வேண்டும், வாக்குக் கொடுத்தபடி உன் செலவு என்றேன். அவன் முதலில் ஆடிப்போனான். இத்தனை நாள் இல்லை என்றவர் இன்று எப்படிச் சொல்கிறீர்கள் என்றான். எனக்குக் காது போய்விட்டது என்றேன். மறுமுனையில் சத்தமே இல்லை. அவன் பேசியும் எனக்குத்தான் கேட்கவில்லையோ என்று போனை இன்னும் நெருக்கி வைத்தேன்.

"அண்ணா, இத வெளிய சொல்லிப்போடாதீங்க. ரெண்டு பேருக்குந்தான் பொழப்புப் போயிரும்."

டீச்சரிடம் சொல்லியாகிவிட்டது, இனி யாரிடம் மறைக்க என்றேன். ஆல்டர்னேட்டரைச் சாயங்காலத்துக்குள் அனுப்பி வைக்கச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

ஜூலை 19, வெள்ளி

ஆல்டர்னேட்டர் மாற்றிய பிறகு டீச்சர் வண்டி இரண்டு நாள் காலையிலும் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகிவிட்டது. காரைத் திருப்பிக் கொடுக்கிற பேச்சை அவர் விட்டுவிட்டார்.

டோக்கனோடு நானும் துளசிமணியும் காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் மூடி மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள் ஒரு பெண். சத்தம் வரும்போதெல்லாம் அமுக்க வேண்டுமாம். முதலில் டூம் டூம் என்று வந்தது, அமுக்கினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் ஏதோ திருகிக்கொண்டிருந்தாள். நான் பொறுமையாகக் காத்திருந்தேன். அவள் கதவைத் திறந்ததும் மீதியை எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று கேட்டேன்.

"முடிஞ்சிருச்சுங்க ஐயா."

மெல்லிய சத்தங்கள் எல்லாம் போய்விட்டனவாம், தடித்த சத்தங்கள் மட்டும் மிச்சம் இருக்கின்றனவாம். வருஷக்கணக்காக ஓடுகிற எஞ்சின்களுக்குப் பக்கத்தில் காதை வைத்திருந்தால் வேறென்ன ஆகும் என்றார் டாக்டர். போனது திரும்பாது. மெஷின் வைத்தால் கொஞ்சம் ஈடுகட்டலாம் என்றார். இரண்டு காதுக்கும் அளவு கொடுத்துவிட்டு வந்தோம்.

பஸ் ஸ்டாண்டில் துளசிமணியிடம் கேட்டேன். உனக்கு முன்னாலேயே தெரியுமா என்று. தெரியும் என்று தலையாட்டினாள். ஏன் சொல்லவில்லை என்றேன்.

"சொன்னேனுங்க. ரெண்டு மூணு தடவ சொன்னேன். நீங்க என்னன்னு கூடத் திரும்பல. அதுக்கப்பறம் கத்திச் சொல்ல எனக்கு மனசு வரல."

ஜூலை 30, செவ்வாய்

மெஷின் வந்துவிட்டது. வேப்ப மரத்தில் குருவிகள் இருக்கின்றன. எங்கும் போகவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. பட்டறையைக் கழுவிச் சாமி கும்பிட்டு முடித்த நேரத்துக்கு ரபீக் வந்துவிட்டான். பெண் குழந்தை. இனிப்புப் பெட்டியை நீட்டிக்கொண்டே என் காதுகளைப் பார்த்தான். மெஷினைப் பார்த்ததும் பெட்டி கையிலேயே நின்றுவிட்டது.

இந்த டைரியை எடுத்து அவனிடம் கொடுத்தேன். நீதானே எழுதச் சொன்னாய், பார்த்துக்கொள் என்றேன். டயர் மேல் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தான். கை ஊன்றுகிற இடம் வந்ததும் தலையை நிமிர்த்தவே இல்லை. ஏன்டா இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். உங்க பேருண்ணா அது, நான் எப்படி அதுல கை வெக்கறது என்றான். எஞ்சினில் வைத்தாயே என்றேன். இருவரும் சிரித்தோம். அவனுக்குக் கண்ணீரும் வந்தது.

பதினொரு மணிக்குக் கிணத்துக்கடவிலிருந்து ஒருவர் ஒரு பழைய வெள்ளைக் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். குப்புராஜ் அனுப்பவில்லை, அவன் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறான். டீச்சர் வண்டி, கைக்குழந்தை இருக்கிற தன் வீட்டுக்கு வந்திருக்க வேண்டியது என்று இவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. ஆடி முடிந்ததும் வாங்கலாம் என்று வேறொரு வியாபாரியிடம் இதைப் பார்த்து வைத்திருக்கிறாராம். உங்களுக்குக் கேட்காவிட்டால் கேட்கவில்லை என்றே சொல்லிவிடுவீர்களாமே, அதனால்தான் உங்களிடம் கொண்டு வந்தேன் என்றார்.

பானெட்டைத் தூக்கி எஞ்சினை ஓட விட்டேன். குனிந்தேன். மெஷின் போட்டும் பாதிதான் கேட்கிறது, எல்லாம் தகர டப்பாவுக்குள் பேசுகிற மாதிரி. ரபீக் பக்கத்தில் வந்து குனிந்தான். சற்று நேரத்தில் அவன் கை, தானாகப் போவது போல, பெல்ட் ஓடுகிற பக்கத்துச் சின்ன உருளைக்கு மேலே இருந்த மூடியில் போய் ஊன்றிக்கொண்டது.

"கைய எடுடா" என்றேன்.

சட்டென்று எடுத்துவிட்டான். முகம் சுருங்கிவிட்டது. வண்டிக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வாயத் தொறந்து சொல்லு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி, கொஞ்சம் சத்தமாச் சொல்லு."

சொன்னான். எனக்குக் கேட்டது.